எடை மேடையில் ஒரு மஞ்சள் முக்கோணம்: பழைய சாதனங்களும் புதிய இயங்குதளமும்

பின்னணி

காவிரி டெல்டாவில் அரிசி ஆலைகள் வரிசையாக நிற்கும் சாலையோரம் ஒரு தனியார் எடை மேடை. கொள்ளளவு 60 டன். சம்பா அறுவடை நேரத்தில் நாளொன்றுக்கு 70, 80 வண்டிகள் ஏறி இறங்கும். மற்ற மாதங்களில் அதில் பாதிகூட வராது. இங்கே பதிவாகும் சம்பவம் 2025 தை மாதத்தில், கூட்டம் உச்சத்தில் இருந்தபோது நடந்தது.

எடை அறையில் இருந்த கணினி பழையது. விண்டோஸ் 7, 32 பிட் பதிப்பு. மதர்போர்டிலேயே 9 பின் சீரியல் போர்ட்டும் 25 பின் பேரலல் போர்ட்டும் இருந்தன. மேடைக்கு அடியிலுள்ள லோடு செல்களின், அதாவது எடை உணரிகளின், கணக்கைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து மூன்று கம்பி கொண்ட ஆர்எஸ்-232 கேபிள் ஒன்று சீரியல் போர்ட்டுக்கு வந்தது. எடைச் சீட்டு அடிக்கும் 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் போர்ட்டில். பில் அடிக்க எச்பி லேசர்ஜெட் 1020, யூஎஸ்பியில். எடை போடும் நிரல் விஷுவல் பேசிக் 6-ல் எழுதியது. தரவு ஆக்சஸ் எம்டிபி கோப்பில்.

ஒரு சொல் விளக்கம் முதலிலேயே தேவை. எடை மேடையில் டிரைவர் என்றால் லாரி ஓட்டுபவர். தொலைபேசியில் "டிரைவர் பிரச்சினை" என்று சொன்னதை உரிமையாளர் முதல் நாள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டு, எந்த வண்டிக்காரன் தகராறு செய்கிறான் என்று கேட்டார். இந்தப் பதிவில் டிரைவர் என்பது சாதனத்தையும் இயங்குதளத்தையும் இணைக்கும் மென்பொருள் மட்டுமே. வண்டி ஓட்டுபவர் ஓட்டுநர்.

முதல் நாள்: கணினி போனது

காலையில் கணினி இயங்கவில்லை. மதர்போர்டில் நான்கு கெபாசிட்டர்கள் தலை வீங்கியிருந்தன. எடைச் சீட்டைக் கையால் எழுத ஆரம்பித்தார்கள். உரிமையாளர் அன்று மாலையே ஒரு மினி பிசி வாங்கிவந்தார். விண்டோஸ் 11, நான்கு யூஎஸ்பி போர்ட்டுகள். சீரியலும் கிடையாது, பேரலலும் கிடையாது. கூடுதல் கார்டு செருக உள்ளே இடமும் இல்லை. கடைக்காரர் சொன்னபடி யூஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்று, யூஎஸ்பி-பேரலல் கேபிள் ஒன்று. சீரியல் கேபிளின் விலை 250 ரூபாய். உறையோடு 8 செ.மீ. குட்டி சிடி ஒன்று வந்தது; அதன் மேல் விண்டோஸ் 98, எம்இ, 2000, எக்ஸ்பி என்று அச்சிட்டிருந்தது. புதிய கணினியில் சிடி போடும் வசதியே இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. விண்டோஸ் 11 64 பிட் பதிப்பாக மட்டுமே வருகிறது. 64 பிட் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, 32 பிட் டிரைவரை ஏற்றாது.

இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். பழைய 32 பிட் நிரல் 64 பிட் விண்டோஸில் ஓடும். பழைய 32 பிட் டிரைவர் ஓடாது. நிரல் பயனர் அடுக்கில் இயங்குவதால் அதற்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கை வைக்க முடிகிறது. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே போய் உட்காருவதால் அந்தச் சலுகை அதற்கு இல்லை. எடை நிரல் திறந்துவிட்டது, ஆகவே எல்லாம் சரியாகிவிடும் என்று முதல் நாள் இரவு நினைத்தது இதனால்தான் தவறானது.

நிரல் திறப்பதற்கும் ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. சீரியல் போர்ட்டைப் படிக்கும் எம்எஸ்காம்32 ஓசிஎக்ஸ் கோப்பு பதிவாகவில்லை என்று பிழை வந்தது. 32 பிட் கோப்பு என்பதால் அதை சிஸ்வாவ்64 கோப்புறையில் வைத்து, அதே கோப்புறையிலுள்ள ரெக்எஸ்விஆர்32 கொண்டு நிர்வாகி அனுமதியுடன் பதிவு செய்தபின் சரியானது. சிஸ்டம்32-ல் போட்டால் வேலை செய்யாது. பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும்: 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32-ல், 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64-ல்.

இரண்டாம் நாள்: மஞ்சள் முக்கோணம்

சீரியல் கேபிளைச் செருகியதும் விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், அதாவது பிழைக் குறி. சாதனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இந்தச் சிப் 2012 முதல் கைவிடப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும் என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. பிராப்பர்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடீஸ் என்று போய்ப் பார்த்ததில் விஐடி (தயாரிப்பாளர் எண்) 067பி, பிஐடி (சாதன எண்) 2303. அதாவது பிஎல்2303 சிப் குடும்பம்.

சர்வீஸுக்கு வந்தவர் இங்கே ஒரு நல்ல காரியம் செய்தார். கேபிள் கெட்டதா, டிரைவர் மறுக்கிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்த்தார். பென்டிரைவில் இருந்த உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவாமலேயே துவக்கி, அதே கேபிளைச் செருகினார். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் உடனே பிஎல்2303 மாற்றி டிடிஒய்யூஎஸ்பி0-வில் (லினக்ஸில் யூஎஸ்பி சீரியல் போர்ட்டின் பெயர்) இணைந்தது என்ற வரி வந்தது. லினக்ஸ் கெர்னலிலேயே அந்த டிரைவர் இருக்கிறது. எதையும் தரவிறக்க வேண்டியதில்லை.

அடுத்தது லூப்பேக் சோதனை. 9 பின் முனையில் 2, 3 எண் பின்களை ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு டெர்மினல் நிரலில் தட்டினால், தட்டிய எழுத்து அப்படியே திரும்பி வர வேண்டும். வந்தது. கம்பியை எடுத்ததும் நின்றது. கம்பியை எடுத்துப் பார்ப்பது முக்கியம். சில டெர்மினல் நிரல்கள் தட்டியதைத் தாமே திரையில் காட்டும். அதை எதிரொலி என்று எண்ணி ஏமாறலாம். பின்னர் இண்டிகேட்டர் கேபிளைச் செருகி 2400 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்ததும் எடை எண்கள் வரிவரியாக ஓடின.

ஆக, சிப்பும் நலம், கம்பியும் நலம், இண்டிகேட்டரும் நலம். விண்டோஸுக்கான டிரைவர்தான் அந்தச் சிப்பை ஏற்க மறுக்கிறது. போலிச் சிப்புகள் சந்தையில் பெருகியதால், சிப் தயாரிப்பாளரின் புதிய டிரைவர்கள் பழைய பதிப்புச் சிப்புகளையும் அவற்றின் நகல்களையும் அடையாளம் கண்டு ஒதுக்குகின்றன. லினக்ஸ் டிரைவரை எழுதியவர்களுக்கு அப்படி ஒதுக்கக் காரணம் எதுவும் இல்லை. ஒரே சாதனம் ஒரு தளத்தில் ஓடுவதும் மற்றொன்றில் படுப்பதும் இப்படித்தான். அது எப்போதும் மின்னணுக் கோளாறல்ல. பல நேரம் யாரோ எடுத்த முடிவு.

முயன்று பார்த்த குறுக்கு வழி

2008-ஐச் சேர்ந்த பழைய டிரைவர் பதிப்பு அந்தச் சிப்பை ஒதுக்காது. அதன் 64 பிட் வடிவத்தை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் பட்டியலிலிருந்து கையால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். முக்கோணம் மறைந்தது. அன்று முழுக்க ஓடியது. மறுநாள் காலை மீண்டும் முக்கோணம். இரவில் விண்டோஸ் அப்டேட் புதிய பதிப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. அப்டேட்டையே முடக்கிவிடலாம் என்ற யோசனை வந்தது. ஜிஎஸ்டி தளமும் வங்கிக் கணக்கும் அதே கணினியில் திறக்கப்படுவதால் கைவிடப்பட்டது. அது சரியான முடிவு.

டாட் மேட்ரிக்ஸ்: பழையதே எளிது

பேரலல் கேபிளை விண்டோஸ் உடனே ஏற்றுக்கொண்டது. ஆனால் சீட்டு வரவில்லை. நிரல், விண்டோஸில் பேரலல் போர்ட்டைக் குறிக்கும் எல்பிடி1 என்ற பெயருக்கு நேராக எழுத்துகளை அனுப்பும்படி எழுதப்பட்டது. யூஎஸ்பி-பேரலல் கேபிளோ எல்பிடி1-ஐ உருவாக்காது. யூஎஸ்பி001 என்ற அச்சுப் போர்ட்டைத்தான் உருவாக்கும். அந்தப் போர்ட்டில் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரை வைத்து, பிரிண்டரைப் பகிர்வுக்கு விட்டு, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரைக் கணினியின் சொந்தப் பகிர்வோடு கட்டினார்கள். இந்தக் கட்டு அந்தந்தப் பயனருக்கு மட்டும். எடை நிரலை நிர்வாகியாக இயக்கினால் அதன் கண்ணுக்கு எல்பிடி1 தெரியாது. எனவே நிரல் சாதாரணப் பயனராகவே இயங்க வேண்டும். கட்டளை ஒரு பேட்ச் கோப்பாக ஸ்டார்ட்டப் கோப்புறையில் போடப்பட்டது.

சீட்டு வந்தது. கூடவே ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னாலும் ஒரு வெற்றுச் சீட்டும் ஓடியது. பிரிண்ட் பிராசசரில் தரவு வகை, முடிவில் பக்கத்தைத் தள்ளும் வகையில் இருந்தது. நிரலும் தன் பங்குக்கு ஒருமுறை பக்கத்தைத் தள்ளுகிறது. தரவு வகையை வெறும் ரா என்று மாற்றியதும் நின்றது. நிறுவனத்தின் தமிழ்ப் பெயர் தாளில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்ததால், எழுத்துரு பற்றிய தலைவலி எதுவும் எழவில்லை.

உபுண்டுவில் இதே பிரிண்டருக்கு இவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. நிர்வாகி அனுமதியுடன் எல்பி0 என்ற சாதனக் கோப்புக்கு எழுத்துகளை அனுப்பியதும் ஊசிகள் கரகரத்தன. அறையிலிருந்த மூன்று சாதனங்களில் மிகப் பழையது இது. எழுத்தைப் புள்ளியாக மாற்றும் அறிவு பிரிண்டருக்குள்ளேயே இருப்பதால், வெறும் எழுத்தை அனுப்பினாலே போதும். எந்த இயங்குதளமும் அதைச் செய்யும்.

லேசர்ஜெட் 1020 அதற்கு நேர் எதிர். பக்கத்தைப் படமாக்கும் வேலை முழுவதும் கணினியில் நடக்கிறது. போதாததற்கு, பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபெர்ம்வேர்கூட அதற்குள் நிலையாக இல்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினி அதை அனுப்பியாக வேண்டும். உபுண்டு பிரிண்டரைப் பெயர் சொல்லிக் கண்டுகொண்டது, அச்சு வரவில்லை. லினக்ஸுக்கான எச்பியின் எச்பிலிப் தொகுப்பின் தனியுரிமை பிளக்இன்னைத் தரவிறக்கிய பிறகே வந்தது. இணையம் இல்லாத இடத்தில் இதைச் சோதித்திருந்தால் பிரிண்டர் கெட்டது என்றே முடிவுகட்டியிருப்பார்கள். விண்டோஸ் 11-ல் 64 பிட் டிரைவர் நிறுவியதும் ஓடியது. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள்: எந்த இயங்குதளம்?

மூன்று வழிகள் முன்னால் இருந்தன.

பழைய ரகக் கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து விண்டோஸ் 7-ஐயே போடுவது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓடியிருக்கும். ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. இணையமே இல்லாமல் எடைக்கு மட்டும் தனிக் கணினி என்றால் இது மோசமான யோசனை அல்ல. இங்கே வங்கி வேலையும் அதே திரையில் நடப்பதால் தள்ளப்பட்டது.

உபுண்டு. சாதனங்கள் மூன்றும் ஓடின, அதுவும் செலவில்லாமல். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக எடை நிரலை அரை நாள் ஓட்டிப் பார்த்தார்கள். டிடிஒய்யூஎஸ்பி0-வை காம்1 (விண்டோஸில் சீரியல் போர்ட்டின் பெயர்) என்று இணைத்ததும் எடை வந்தது. எம்டிபி கோப்பிலிருந்து வரும் நாள் அறிக்கை திறக்கவில்லை. நிரலை எழுதியவரும் லினக்ஸில் ஆதரவு தர இயலாது என்றார். டிரைவர் இருந்து நிரல் இல்லாவிட்டால், அந்த எடை அறைக்கு அதனால் பயனில்லை.

மிஞ்சியது, விண்டோஸ் 11-ஐ வைத்துக்கொண்டு கேபிளை மாற்றுவது. இண்டிகேட்டரைத் தொடும் யோசனை எதுவும் வேண்டாம் என்று உரிமையாளர் உறுதியாக இருந்தார். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி சரிபார்க்கப்பட்டு முத்திரையிட்ட கருவி அது. முத்திரை கலைந்தால் மறுசரிபார்ப்பு வரை மேடையை மூட வேண்டியிருக்கும். எனவே எல்லா மாற்றமும் கணினிப் பக்கமே நடக்க வேண்டும்.

இரண்டாவது கேபிள்

வாங்கியது சிஎச்340 சிப் கொண்டது, அடையாள எண் 1ஏ86:7523. முதல் கேபிளில் பட்ட பாட்டால், இதையும் முதலில் உபுண்டுவில் செருகிப் பார்த்தார்கள். டிடிஒய்யூஎஸ்பி0 தோன்றி, நொடியில் மறைந்தது. கேபிள் பழுது என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டார்கள். டிமெசேஜைப் படித்தபோது காரணம் வேறு: பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அந்தச் சாதனத்தைப் பிடுங்கிக்கொண்டது. சில பிரெய்ல் திரைகளும் இதே சிப்பையும் இதே அடையாள எண்ணையும் பயன்படுத்துவதால், உபுண்டு 22.04 இந்தக் கேபிளையும் பிரெய்ல் திரை என்றே எண்ணுகிறது. அந்தச் சேவையை நீக்கினால் போர்ட் நிலைக்கிறது. அந்தக் கணினியில் பிரெய்ல் திரை பயன்படுத்துபவர் இருந்தால் மட்டும் நீக்கக் கூடாது. இன்னொரு இயங்குதளத்தில் சோதிப்பது நல்ல கருவிதான். ஆனால் அந்தத் தளத்துக்கும் சொந்தக் குணம் உண்டு. அங்கே ஓடவில்லை என்றால் பதிவைப் படிக்காமல் சாதனத்தைக் குறை சொல்லக் கூடாது.

விண்டோஸ் 11-ல் கேபிள் தானாக நிறுவிக்கொண்டு காம்5 ஆனது. நிரலின் அமைப்புப் பக்கத்தில் காம்1 முதல் காம்4 வரைதான் தேர்வுகள். டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணை 3 ஆக்கினார்கள். திரையில் எடை வந்தது.

நான்காம் நாள் காலை வரவில்லை. எடை போடுபவர் தன் கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்ய யூஎஸ்பி ஒன்றைக் காலி செய்துகொண்டு, சீரியல் கேபிளைப் பக்கத்துத் துளைக்கு மாற்றியிருந்தார். இந்தக் கேபிளின் சிப்பில் தனி வரிசை எண் இல்லை. அப்படிப்பட்ட சாதனத்தை விண்டோஸ் அது செருகப்பட்ட துளையை வைத்தே அடையாளம் காணும். துளை மாறினால் புதிய சாதனம், புதிய காம் எண். இப்போது அது காம்6. துளைக்கு நேரே மார்க்கரால் அம்புக்குறி போட்டுவைத்தார்கள்.

நான்காம் நாள் பிற்பகல்: உறைந்த எடை

இந்தப் பதிவை எழுத வைத்த நிகழ்வு இதுதான். முன் சொன்னவை வேலையைத் தடுத்தன. இது தவறான எடையைக் கொடுத்திருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் அரை மணிக்கு மேல் வண்டி வரவில்லை. 3 மணியளவில் நெல் மூட்டை ஏற்றிய லாரி மேடையேறியது. எடை போடுபவர் மவுஸை அசைத்தார், திரை வெளிச்சமானது. திரையில் 14260. அவர் வழக்கப்படி நிமிர்ந்து சன்னலோர இண்டிகேட்டரைப் பார்த்தார். சிவப்பு எண்கள் 18740 காட்டின. சீட்டு அடிக்கவில்லை. ஓட்டுநரை வண்டியை இறக்கிக்கொள்ளச் சொன்னார். வெறும் மேடையில் இண்டிகேட்டர் பூஜ்யம். திரையில் அதே 14260, முந்தைய வண்டியின் எடை.

கணினி இடையில் தூங்கிவிட்டது. விழித்தபோது யூஎஸ்பி சாதனங்கள் விலகி மறுபடி இணைந்தன. நிரல் காலையில் திறந்து வைத்திருந்த போர்ட் இணைப்பு அத்தோடு செத்துவிட்டது. ஆனால் நிரலுக்கு எந்தப் பிழையும் வரவில்லை. கடைசியாகப் படித்த எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தது. பழைய கணினியில் போர்ட் மதர்போர்டிலேயே இருந்தது, கணினியும் தூங்காதபடி வைக்கப்பட்டிருந்தது. அதனால் நிரலிலிருந்த இந்த ஓட்டை இத்தனை வருடமாக யார் கண்ணிலும் படவில்லை.

எடுத்த முடிவுகள்

அன்று மாலையே பவர் ஆப்ஷனில் தூக்கம் முற்றிலும் நிறுத்தப்பட்டது. யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் முடக்கப்பட்டது. ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை நிறுத்தலாம் என்ற டிக் எடுக்கப்பட்டது. நிரலை எழுதியவரிடம் ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள்: இண்டிகேட்டரிலிருந்து 2 நொடிக்கு எண் வரவில்லை என்றால் திரையில் எண்ணை அழித்துக் கோடு காட்ட வேண்டும், சீட்டுப் பொத்தான் இயங்கக் கூடாது. எட்டாம் நாள் திருத்திய பதிப்பு வந்தது. கேபிளைப் பிடுங்கியும், கணினியை வேண்டுமென்றே தூங்கவைத்து எழுப்பியும் சோதித்தார்கள். இரண்டிலும் கோடு வந்தது.

சீரியல் கேபிள் மூன்றாவது முறை மாற்றப்பட்டது. இம்முறை எஃப்டிடிஐ சிப், தனி வரிசை எண்ணுடன். விலை 1,400 ரூபாய். எந்தத் துளையில் செருகினாலும் அது காம்3 ஆகவே நிற்கிறது. இந்தச் சிப்பிலும் போலி உண்டு. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலிச் சிப்புகளின் பிஐடி எண்ணைப் பூஜ்யமாக மாற்றி அவற்றை முடக்கிப் பெரிய சர்ச்சையானது. பிறகு அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதனால் கேபிள் ரசீதோடு, திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள கடையில் வாங்கப்பட்டது.

பின்விளைவு

அந்த நாட்களில் கையால் எழுதிய சீட்டுகளைக் கணினியில் ஏற்ற இரண்டு இரவுகள் பிடித்தன. தவறான எடையுடன் எந்தச் சீட்டும் வெளியே போகவில்லை. அது எடை போடுபவரின் பழக்கத்தால் தப்பியது, அமைப்பால் அல்ல. அடுத்த ஆறு மாதத்தில் கோடு இரண்டு முறை தோன்றியது. இரண்டுமே கேபிள் தளர்ந்ததால். பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு எல்பிடி1 பகிர்வு ஒருமுறை அறுந்தது. பேட்ச் கோப்பை மறுபடி இயக்கியதும் சரியானது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கணினி வாங்கும் முன் பின்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். அலுவலகங்களுக்கென்று வரும் டெஸ்க்டாப்புகளில் 9 பின் சீரியல் போர்ட் இன்றும் கிடைக்கிறது. வெளியே தெரியாவிட்டாலும் பல மதர்போர்டுகளில் காம் என்று எழுதிய 10 பின் இணைப்பு இருக்கும். அதற்கான பிராக்கெட் கேபிளைப் போட்டால் போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கேபிள்களில் இரண்டு விதக் கம்பி வரிசை உண்டு; தவறானதைப் போட்டால் போர்ட் தெரியும், தரவு வராது. இங்கே மினி பிசியின் இடச் சிக்கனத்துக்கு எடை அறையில் தேவையே இல்லை.

கேபிளின் பெட்டியில் "விண்டோஸ் 11 ஆதரவு" என்று இருப்பதை ஆதாரமாக எடுக்கக் கூடாது. கடையிலேயே ஒரு மடிக்கணினியில் செருகி, விஐடி, பிஐடி எண்களையும் வரிசை எண் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

தூக்க அமைப்பை முதல் நாளே நிறுத்தியிருக்க வேண்டும். புதிய கணினி வைக்கும்போது யாரும் அதைச் சரிபார்ப்புப் பட்டியலில் சேர்க்கவில்லை. இப்போது எடை அறைச் சுவரில் ஒட்டியுள்ள தாளில் அது முதல் வரி. இரண்டாவது வரி காம் எண். மூன்றாவது, எல்பிடி1 பேட்ச் கோப்பு இருக்கும் இடம். சிஎச்340 கேபிள் சோதித்து, அடையாள எண் எழுதிய காகிதத்தைச் சுற்றி, மாற்றுக் கேபிளாக மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதலில் வாங்கிய 250 ரூபாய் கேபிளையும் எறியவில்லை. உபுண்டு பென்டிரைவோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். இண்டிகேட்டரிலிருந்து எண் வருகிறதா என்று தனியே பார்க்க அந்த இரண்டும் போதும்.